தட்டினால் விட்டுவிட வேண்டும்

ஏப்ரல் 7, திங்கள்

ஆறு மணிக்கே வெயில் முதுகில் ஏறிவிட்டது. மந்தைவெளியிலிருந்து பெண்களுக்கு இலவசமான பிங்க் பஸ், அடையாறு வரை நின்றுகொண்டே. இடது முட்டி வீக்கம். ஐஸ் வைக்க மறந்தேன். கேஸ் புக் பண்ணவும் மறந்தேன்.

7–3 டியூட்டி. ஆஸ்பத்திரி கேஷுவால்டி வாசல். கறுப்பு டி-சர்ட், முதுகில் ‘செக்யூரிட்டி’. ஒரு காலத்தில் இதே முதுகில் ‘இந்தியா’ என்று இருந்தது. இப்போது எழுத்து கூடியிருக்கிறது, அவ்வளவுதான்.

போன மாதம் என் மேல் விழுந்தவை (நினைவில் இருப்பது மட்டும்):
செருப்பு – 4
ஹெல்மெட் – 1
சலைன் ஸ்டாண்டு – 1, தோளில்
கடி – 1, ஒரு மாமியார்
எச்சில் – எண்ணவில்லை

பதினாறு வருட ஜூடோவில் யாரும் என்னைக் கடித்ததில்லை.

இன்று பத்து மணிக்கு ஒரு குடும்பம். அப்பாவுக்கு நெஞ்சுவலி. ஈசிஜி எடுக்க ஐந்து நிமிடம் தாமதம். மூத்த மகன் ஸ்ட்ரெச்சர் தள்ளுகிறவரின் சட்டையைப் பிடித்துச் சுவரில் மோதினான். பின்னாலிருந்து காலை வாரி உட்கார வைத்தேன். கூட வந்த அத்தை என் முடியைப் பிடித்து இழுத்தாள். ‘பொம்பளையா இவ? மாடு மாரி கீறா.’ ஈசிஜியில் ஒன்றும் இல்லை, வாயுத் தொல்லை. போகும்போது அதே மகன், ‘சாரி சிஸ்டர்.’ நான் சிஸ்டர் இல்லை.

கூட டியூட்டி பாஸ்கர். குண்டு எறிதல், மாநிலத் தங்கம் மூன்று முறை. எங்களை இங்கே அனுப்பியது ராஜன் சாரின் ஏஜென்சி. அவரும் பழைய வாலிபால்காரர். கோட்டாவில் அரசாங்க வேலை கிடைக்காமல் வயது தாண்டிய விளையாட்டுக்காரர்களாகப் பார்த்துப் பொறுக்குவார். ‘உங்களுக்கு அடி வாங்கத் தெரியும், அதான்மா முக்கியம்’ என்பார். எங்கள் ஆறு பேரில் ஐந்து பேர் வீட்டில் மெடல் தொங்குகிறது. ஆறாவது ஆள் ஜிம் உடம்பு. சண்டை வந்தால் முதலில் ஓடுவது அவன்.

பாஸ்கருக்கு வேலை கிடைத்துவிட்டது. திருவான்மியூரில் ஒரு பள்ளிக்கூடம், அத்லெடிக்ஸ் கோச், ஜூனிலிருந்து. ஆர்டரை நான்கு முறை காட்டினான். ‘இன்னா கலா, எங்க ஊட்ல இப்பவே மாஸ்டர்னு கூப்புடுது.’ வாசலில் நிற்கும்போதெல்லாம் ஒரு சாத்துக்குடியை விரல் அடியில் வைத்து உருட்டிக்கொண்டே இருப்பான். குண்டை உள்ளங்கையில் வைக்கக் கூடாதாம், விரல் அடியில்தான் உட்கார வேண்டுமாம். இன்று அந்தச் சாத்துக்குடியை உரித்து எனக்குப் பாதி கொடுத்தான். எங்களில் மைதானத்துக்குத் திரும்பிப் போகப்போகும் முதல் ஆள். பொறாமைதான். பழம் புளிப்பு.

ஏப்ரல் 8, செவ்வாய்

எழுத்து கோணலாக வருகிறது. டி-சர்ட்டை ஊறப் போட்டிருக்கிறேன், தண்ணீர் மூன்று முறை மாற்றியும் சிவப்பு. என் ரத்தம் இல்லை.

பதினொன்றரை மணி. பைக் விபத்து. பையனுக்குப் பத்தொன்பது வயது, தலையில் அடி. தூக்கிக்கொண்டு வந்தவன் அவன் அண்ணன் தீனா. ஈக்காட்டுத்தாங்கலில் லேத் பட்டறை, கையெல்லாம் கிரீஸ். டியூட்டி டாக்டர் சின்னப் பெண், படித்து முடித்து ஒரு வருடம் இருக்காது. ‘ஸ்கேன் எடுத்தாதான் தெரியும், வெளிய நில்லுங்க’ என்றாள். அவனுக்கு ‘வெளிய நில்லுங்க’ மட்டும் காதில் விழுந்தது.

‘எந் தம்பி செத்துக்கினு கீறான், வெளிய நில்லுன்றே.’

கன்னத்தில் ஓர் அறை விட்டான். அவள் மருந்து வண்டியோடு சேர்ந்து விழுந்தாள்.

இரண்டு எட்டில் போய்ச் சேர்ந்தேன். காலை வாரித் தரையில் போட்டு, வலது கையை இழுத்து என் தொடைகளுக்கு நடுவே பூட்டினேன். தூக்கத்தில் எழுப்பினாலும் செய்வேன். அவன் முழங்கை நேராக நீண்டது. இன்னும் ஒரு அங்குலம் போனால் ஒடியும். அந்த இடத்தில் நிறுத்தினேன்.

அவனுடைய இடது கை தரையில் அடித்தது. பட், பட்.

விட்டேன்.

யோசித்து விடவில்லை. என் கை தானாக விட்டது. ஜூடோவில் தூக்கிப் போடுவதற்கு முன்னால் சொல்லித் தருவதே அதுதான். எதிராளி தட்டினால் தோற்றேன் என்று அர்த்தம். தரையில் தட்டலாம், உன் உடம்பில் தட்டலாம். அந்த நொடியே விட்டுவிட வேண்டும். பதினோரு வயதில் கற்றது. அதற்குப் பிறகு தட்டிய ஒருவரையும் நான் பிடித்து வைத்ததில்லை.

தீனா எழுந்தான். டிரெஸ்ஸிங் தட்டிலிருந்து கத்தரிக்கோலை எடுத்தான். தரையில் கிடந்த டாக்டரை நோக்கிப் போனான். நான் இன்னும் முட்டி போட்டபடி இருந்தேன். அடுத்த ரவுண்டுக்கு நடுவர் கூப்பிடுவார் என்று காத்திருக்கும் முட்டாள் மாதிரி. பாஸ்கர் குறுக்கே பாய்ந்து கையை நீட்டினான். வலது கை. உள்ளங்கையைக் குறுக்காகக் கிழித்துக்கொண்டு போனது. அப்புறம் தீனாவே ரத்தத்தில் வழுக்கி விழ, நாலு பேர் மேலே ஏறினோம். நான் அவன் பிடரியில் குத்தினேன். எத்தனை என்று தெரியாது. ஜிம் உடம்பு பார்க்கிங்கில் இருந்தானாம்.

ஸ்டெல்லா சிஸ்டர் துணியை அமுக்கிக் கட்டினார். பாஸ்கர் கத்தவில்லை. கையைப் பார்த்துக்கொண்டே சொன்னான்:

‘இது எறியிற கை, கலா.’

ஏப்ரல் 9, புதன்

தி.நகர், ராஜன் சார் ஆபீஸ். பாத்திரக் கடை மாடி. கீழே எவர்சில்வர் குடங்களை அடுக்கும் சத்தம், மேலே நான் மனிதனை விடும் சிசிடிவி வீடியோ. ஏழு முறை போட்டுக் காட்டினார்.

‘ஏம்மா விட்டே? தெரிஞ்ச பையனா?’

‘தட்டினான் சார்.’

‘எதை?’

‘தரையை. ரெண்டு தட்டு.’

படத்தை நிறுத்தி என்னைப் பார்த்தார். ‘வலி தாங்காம கையை அடிச்சிருக்கான்மா. வெள்ளை டிரெஸ் போட்டுக்கிட்டு வந்து உனக்குக் குனிஞ்சு வணக்கம் சொன்னானா அவன்?’

வாலிபால்காரர். ஆயுசு முழுக்க வலைக்கு இந்தப் பக்கமே நின்று ஆடியவர். எதிராளியின் மூச்சு அவர் முகத்தில் பட்டதே இல்லை.

ஆஸ்பத்திரிக்குக் கடிதம் எழுதச் சொன்னார். ‘கால் வழுக்கிருச்சுன்னு எழுது. தட்டினான் கிட்டினான்னு எழுதாதே, சிரிப்பாங்க.’ எழுதிக் கொடுத்தேன். ஜூடோ மெத்தையில், எந்த மேட்டிலும், என் கால் வழுக்கியதில்லை. மாதக் கடைசி வரை பார்ப்பாராம். இன்னொரு தடவை எவனையாவது விட்டால் வேறு வேலை பார்த்துக்கொள்ள வேண்டுமாம்.

வேறு வேலை என்றால், இதுவரை பார்த்தவை: ஸ்கூல் பி.டி. (ஒரு வருடம், தற்காலிகம்). லேடீஸ் ஜிம் (‘கை ரொம்ப முரடா இருக்கு மேடம்’). துணிக்கடையில் டிரையல் ரூம் வாசல். ரயில்வே – வயது போச்சு.

ரயில்வே போனதும் ஒரு தட்டால்தான். பத்தொன்பது வயதில் கேம்பில் ஒரு சீனியர் என் கையைப் பூட்டினாள். தட்டினேன். இரண்டு விநாடி கழித்து விட்டாள். ‘சரியா கேக்கல’ என்று சிரித்தாள். ரயில்வே செலக்‌ஷன் அன்று கட்டோடு உட்கார்ந்திருந்தேன். வலது முழங்கை இன்றைக்கும் முழுசாக நீளாது. பஸ்ஸில் மேல் கம்பியைப் பிடிக்கும்போதெல்லாம் அவள் ஞாபகம் வரும். எங்கே பார்த்தாலும் அவள் பல்லைத் தட்டிவிடுவேன். அன்றிலிருந்து நான் மற்றவர்களைவிடச் சீக்கிரம் விடுவேன். முதல் தட்டிலேயே.

அந்தப் பழக்கத்துக்குப் பாஸ்கரின் கை பலி.

ஏப்ரல் 11, வெள்ளி

புழுக்கம். லாபியில் ஏசி ரிப்பேர்.

தீனா வந்துவிட்டான். ஒரு ராத்திரிகூட முழுசாக ஸ்டேஷனில் இல்லையாம். நிர்வாகம் மன்னிப்புக் கடிதம் வாங்கிக்கொண்டு புகாரை வாபஸ் வாங்கிவிட்டது. பேப்பரில் வந்தால் பெயர் கெடுமாம். கெட்டது பெயரா, கையா என்று யாரும் கேட்கவில்லை. அவன் தம்பி இரண்டாம் மாடியில், ஐ.சி.யூ.வில், கண் திறக்காமல். பார்க்க வருகிறவர்கள் கீழே லாபியில் காத்திருக்க வேண்டும். என் வேலை, எதிரே நின்று அவன் மேல் கண் வைப்பது.

காலை முழுக்க அவனைப் பார்த்தேன். பிடரியில் நான் குத்திய இடம் நீலம். இன்னும் குத்தலாம் போல இருந்தது.

மதியம் அவனே வந்தான்.

‘அக்கா. அன்னிக்கு எங்கைய ஒடச்சிருக்கலாம் நீ. இன்னாத்துக்கு வுட்டே?’

‘நீ தட்டினே.’

‘நானா?’

‘தரையில. ரெண்டு தட்டு. தோத்துட்டேன், வுட்ருன்னு அர்த்தம். அதை நம்பி வுட்டேன். நீ கத்தரிக்கோலை எடுத்தே.’

‘சத்தியமா தெரியாதுக்கா. நோவுல கைய அடிச்சேன். அப்டி ஒரு ரூல் கீதா?’

‘கீது.’

‘யார் தட்னாலும் வுட்ருவியா?’

‘யாரா இருந்தாலும்.’

பிறகு நாற்காலிக்குப் போய் உட்கார்ந்து, கைப்பிடியில் இரண்டு தட்டு தட்டி, ‘இப்டியா?’ என்பது போலப் பார்த்தான். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். சரியாகத்தான் தட்டினான்.

ஏப்ரல் 12, சனி

டியூட்டி முடிந்து மூன்றாம் மாடி. பாஸ்கர் கட்டிலில் உட்கார்ந்திருந்தான். ஆபரேஷன் முடிந்தது. நரம்பைத் தைத்திருக்கிறார்கள். நடு விரலும் மோதிர விரலும் இனி மடங்காது என்கிறார் டாக்டர். ‘எழுதலாம், சாப்பிடலாம்’ என்றாராம். அவன் மனைவி என்னைப் பார்க்காமல் அவனிடம் சொன்னாள்: ‘உங்க ஃப்ரெண்டு வந்துகீறாங்க. வுட்டவங்க.’

சாத்துக்குடி வாங்கிக்கொண்டு போயிருந்தேன். எவ்வளவு அறிவு எனக்கு. பையிலிருந்து எடுக்கவில்லை.

அவன் மனைவி தண்ணீர் பிடிக்கப் போன நேரம் பார்த்துச் சொன்னான். கோபமாக இல்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலை.

‘நீ வுட்டதுக்கு நான் ஒண்ணும் சொல்லல கலா. எனக்குத் தெரியும், அது உன் பழக்கம். நானும் குண்டு எறியிற சர்க்கிள்ல கால் வெளிய போச்சின்னா தூக்கத்துல கூட நின்னுருவேன். ஆனா இங்க மேட்டு இல்ல. இனிமே எவன் தட்னாலும் வுடாத.’

சரி என்றேன்.

ஏப்ரல் 13, ஞாயிறு

லீவு. தண்ணீர் லாரி வரவில்லை. நெத்திலி வாங்கி வறுத்தேன்.

மதியம் ரவியை வைத்து, தட்டினாலும் விடாமல் இருக்கப் பழகிப் பார்த்தேன். ரவி என் வீட்டுக்காரர், ஆட்டோ ஓட்டுகிறார், தொண்ணூறு கிலோ, நல்ல மனிதர். பாயை விரித்து, ‘படு, உன் கையைப் பூட்டப் போறேன். வலிச்சா தட்டு’ என்றேன். ஏதோ விளையாட்டு என்று சிரித்துக்கொண்டே படுத்தார்.

முதல் முறை – தட்டினார், விட்டேன்.
இரண்டாவது – விட்டேன்.
மூன்றாவது – விடக் கூடாது என்று பல்லைக் கடித்தேன். விட்டேன். என் கை என் பேச்சைக் கேட்கவில்லை.

எண்ணிப் பார்க்கலாம் என்று தோன்றியது. வாய்விட்டு எண்ணினால் கைக்கு வேறு வேலை கிடைக்கும்.

நான்காவது – ஒன்று எண்ணும் வரை பிடித்தேன்.
ஐந்தாவது – இரண்டு.
ஆறாவது – மூன்று.
ஏழாவது – நான்கு.

ஏழாவதில் ரவி கத்தினார். ‘தட்றேன் இல்ல, இன்னாடி எண்ணிக்கினு கீறே?’ எழுந்து என்னைத் தள்ளிவிட்டார். கல்யாணமாகிப் பத்து வருடத்தில் முதல் முறை. நான் திருப்பித் தள்ளினேன், பீரோவில் போய் மோதினார். கண்ணாடி விரிசல். பக்கத்து வீட்டில் டிவி சத்தத்தைக் குறைத்துவிட்டுக் கேட்டார்கள்.

எனக்குள் சந்தோஷம். அதை எழுதத்தான் வேண்டும். நான்கு வரை வந்துவிட்டது.

ஏப்ரல் 14, திங்கள்

புது வருடம். மாங்காய்ப் பச்சடியில் வேப்பம்பூ அதிகம். ரவிக்கு முழங்கை வீங்கி, ஹேண்டில்பாரைத் திருப்ப முடியவில்லை. பண்டிகைச் சவாரி போச்சு.

சாயங்காலம் நானே கேட்டேன். கழுத்துப் பூட்டு, பின்னாலிருந்து. ‘இதான் கடைசி.’

ரவி என்னைப் பார்த்தார். ‘வேலைக்காவா?’

‘ஆமா.’

‘இந்த வேலையே வேணாம்டி. ஊட்ல குந்து. நான் பாத்துக்கறேன்.’

வீட்டில் உட்கார்ந்து என்ன செய்வது. மெடலைத் துடைப்பதா? அதைச் சொன்னேன். அவர் முதுகைக் காட்டிப் பாயில் உட்கார்ந்தார். என் கையில் தட்டினார். ஆறு வரை எண்ணினேன். விட்டதும் இருமிக்கொண்டே குளியலறைக்குப் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார். கதவுக்கு வெளியே நின்றேன். அழுகிற சத்தம் மாதிரி இருந்தது. குழாய்ச் சத்தமாகவும் இருக்கலாம்.

ஆறு.

ஏப்ரல் 15, செவ்வாய்

மேகம். மழை இல்லை.

பள்ளிக்கூடத்திலிருந்து பாஸ்கருக்கு போன். கை விஷயம் கேள்விப்பட்டார்களாம். ‘பசங்களுக்குச் செஞ்சு காட்டணுமே சார்.’ வேறு ஆளைப் போட்டுவிட்டார்கள். எனக்கு இதைச் சொன்னது ஸ்டெல்லா சிஸ்டர். பாஸ்கர் காலையில் சுவரில் சோற்றுத் தட்டை வீசினானாம். இடது கையால். ‘நல்லா தூரமா போச்சு’ என்று சிஸ்டர் சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை.

மேலே போகவில்லை. எந்த முகத்தோடு போவது.

தீனா தினமும் என்னைப் பார்த்ததும் நாற்காலிக் கைப்பிடியில் இரண்டு தட்டு தட்டுகிறான். வணக்கம் போல. இன்றும் தட்டினான். ‘அக்கா, தம்பி வெரல அசச்சிக்கினான்’ என்றான். உன் தம்பிக்கு விரல் அசைகிறது, பாஸ்கருக்கு அசையவில்லை என்று வாய் வரை வந்தது.

முட்டிக்கு ஐஸ் வைத்தேன்.

ஏப்ரல் 16, புதன்

நடந்ததை வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

10.40. தீனாவின் தம்பி இறந்துவிட்டான். மேலே கூப்பிட்டுச் சொன்னார்கள். படிக்கட்டில் அவன் இறங்கி வரும் சத்தம் கேட்டது. அலறல் இல்லை, மாடு இருமுகிற மாதிரி ஒரு சத்தம். வந்ததும் சலைன் ஸ்டாண்டைப் பிடுங்கி லாபிக் கண்ணாடியை அடித்தான். யாரையும் அடிக்கவில்லை. இதை இங்கேயாவது எழுதி வைக்கிறேன். கண்ணாடியைத்தான் அடித்தான். பிறகு தன் தலையால் அடித்தான். நெற்றி கிழிந்து ரத்தம் கண்ணில் இறங்கியது. டியூட்டி டாக்டர் மேஜைக்குப் பின்னால் ஒளிந்தாள். ஜிம் உடம்பு என்னைப் பார்த்தான்.

பின்னாலிருந்து போனேன். கழுத்துப் பூட்டு. அவனோடு தரையில் உட்கார்ந்து, கால்களால் இடுப்பைச் சுற்றிக்கொண்டேன். கண்ணாடித் துண்டு என் தொடையில் ஏறியது, தெரியவில்லை. அவன் திமிறவில்லை. ஸ்டாண்டைக் கீழே போட்டுவிட்டான். என் மேல் சாய்ந்துகொண்டான் என்றுகூடச் சொல்லலாம்.

தட்டினான். தரையில் இல்லை. என் முன்கையில். இரண்டு தட்டு, நிதானமாக, நாற்காலியில் தட்டுகிற மாதிரி.

நான் எண்ணினேன்.

மறுபடி தட்டினான். மறுபடியும். ‘கலா, மூஞ்சி கறுக்குது, வுடு’ என்று ஸ்டெல்லா சிஸ்டர் என் கட்டைவிரலைப் பிடித்து நெம்பினார். கேட்டது. எல்லாம் கேட்டது. சரியா கேக்கல என்று நான் சொல்ல முடியாது.

அவன் உடம்பு கனமானது. கால்சட்டை நனைந்து என் காலும் நனைந்தது. விட்டேன்.

டாக்டர் ஓடி வந்து காலைத் தூக்கிப் பிடித்து ஆக்சிஜன் வைத்தாள். எட்டு நாள் முன்னால் அவனிடம் அறை வாங்கிய அதே பெண். அரை நிமிடம் போல ஆயிற்று. கண்ணைத் திறந்தான். சுற்றிப் பார்த்தான். கழுத்தை இறுக்கி மயங்கியவர்களுக்குக் கடைசிச் சில நிமிடங்கள் ஞாபகம் இருக்காது. மேட்டில் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன், எழுந்து ஸ்கோர் என்ன என்று கேட்பார்கள். இவன் என்னைப் பார்த்துக் கேட்டான்:

‘அக்கா, மேல கூப்ட்டாங்களா? தம்பி முழிச்சிக்கினானா?’

ஸ்டெல்லா சிஸ்டர் என்னைப் பார்த்தார். ‘நீயே சொல்லு’ என்றார். சொன்னேன். ஒரே சாவை ஒரு மனிதனுக்கு இரண்டாவது தடவை. முதல் தடவை என்ன சத்தம் போட்டான் என்று எனக்குத் தெரியும். இந்தத் தடவை அந்தச் சத்தம் போட அவனுக்குத் தொண்டை இல்லை.

மூன்று மணிக்கு ராஜன் சார் நேரில் வந்தார். வீடியோ பார்த்தாராம். என் தோளில் கை வைத்து, ‘இப்பதான்மா வேலை கத்துக்கிட்டே’ என்றார். மாதக் கடைசி வரை காத்திருக்க வேண்டாம், நிரந்தரம். நிர்வாகத்துக்கும் திருப்தியாம்.

பாஸ்கர் போன் செய்தான். ‘கேள்விப்பட்டேன்.’ அவனே வைத்தான்.

தொடையில் நான்கு தையல். ரவி சாப்பாடு எடுத்து வைத்துவிட்டு முன்னறையில் படுத்திருக்கிறார். முன்கையைச் சோப்புப் போட்டுக் கழுவினேன். தட்டிய இடத்தில் ஒரு அடையாளமும் இல்லை. அவ்வளவு மெதுவாகத்தான் தட்டியிருக்கிறான்.

பதினொன்று வரை எண்ணினேன். அவன் ஏழிலேயே தட்டுவதை நிறுத்திவிட்டான்.